டால்ஸ்டாயின் வேட்டை நாய்கள்

லியோ டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை உங்களில் சிலர் டி. எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கத்தில் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களும் அதன் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வரும் போர்க்களங்களைப் பற்றியும், நெப்போலியனைப் பற்றியும், நட்டாஷாவைப் பற்றியும் விமரிசகர்கள் ஏராளமாக எழுதிவிட்டார்கள். அப்படியிருக்க, ஓர் அறிவியல் மாத இதழில் அந்த நாவலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

வேலை இருக்கிறது. நாவலின் நடுவே ஒரு வேட்டை வருகிறது. நெப்போலியன் 1812-இல் ரஷ்யாவின் மீது படையெடுப்பதற்கு முன்பு, ஓர் இலையுதிர் காலத்தில், ரஸ்தோவ் குடும்பத்தார் தங்கள் பண்ணையிலிருந்து ஓநாய் வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். அந்தச் சில அத்தியாயங்களில் மனிதர்களைக் காட்டிலும் நாய்களே முக்கியமான பாத்திரங்கள். ஓடுவதும், துரத்துவதும், வழுக்கி விழுவதும், திரும்புவதும்தான் கதை. ஆகவே அவற்றை இயற்பியலும் உயிரியலும் கற்பவரின் கண்ணால் படித்துப் பார்க்கலாம். டால்ஸ்டாய் எழுதியிருப்பது சரிதானா? எதை அவர் நுட்பமாகக் கண்டார்? எதைப் போகிற போக்கில் விட்டுவிட்டார்? இவற்றை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எப்படிப்பட்ட நாய்?

முதலில் நாயை அறிந்துகொள்வோம். இந்த வேட்டையின் கதாநாயகர்கள் போர்சோய் என்னும் ரஷ்ய நாய் இனத்தைச் சேர்ந்தவர்கள். ‘விரைவானது’ என்ற பொருளுடைய ஒரு பழைய ரஷ்யச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஆண் நாய் தோள் வரை 75 முதல் 85 செ.மீ. உயரம் நிற்கும். நன்கு வளர்ந்த ஆண் நாயின் எடை 35 முதல் 48 கிலோ வரை இருக்கும். ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், ஒடுங்கி நீண்ட தலை, உடல் முழுதும் பட்டுப் போன்ற நீண்ட மயிர் ஆகியவை இதன் அடையாளங்கள். நம் ஊர்ச் சிப்பிப்பாறை நாயைப் பார்த்தவர்கள், அதைவிடப் பருத்த உடலும் பனிநாட்டுக்கு ஏற்ற கம்பளிப் போர்வையும் கொண்ட ஒரு நாயைக் கற்பனை செய்துகொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

இந்த நாயின் படத்தைப் பார்க்கும் எவரும் முதலில் வியப்பது அதன் மயிரைத்தான். ஆனால் மரபியல் நோக்கில் மயிர் என்பது எளிய சங்கதி. நாய்களின் மயிர் குட்டையா நீளமா, நேரா சுருளா, முகத்தில் மீசை தாடி உண்டா இல்லையா என்ற வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் விளக்கிவிடுகின்றன என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஓர் ஓநாயின் எதிரே நின்று, பின்வாங்காமல் அதன் கழுத்தைக் கவ்வும் குணம் இரண்டு மூன்று மரபணுக்களில் அடங்கிவிடுவதில்லை. அதில் பிறவியும் உண்டு, வளர்ப்பும் உண்டு, பழக்கமும் உண்டு. இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மூக்கும் கண்ணும்

வேட்டைக்குப் புறப்படும் கூட்டத்தை டால்ஸ்டாய் ஒரு கணக்குப்பிள்ளையைப் போல எண்ணிச் சொல்கிறார். மோப்ப நாய்கள் 54. போர்சோய்கள் 40-க்கும் மேல். குடும்பத்தாரின் சொந்த நாய்களையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 130 நாய்கள், குதிரை வீரர்கள் 20 பேர். இவ்வளவு நாய்கள் எதற்கு? இரண்டு வகை நாய்கள் எதற்கு?

இங்கேதான் ஒரு நல்ல அறிவியல் பாடம் இருக்கிறது. மோப்ப நாய்களின் கருவி மூக்கு. அவை காட்டுக்குள் ஏவப்படுகின்றன. ஓநாய் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் வாடையைப் பற்றிக்கொண்டு, குரைத்தபடியே சென்று, அதைக் காட்டிலிருந்து வெளியே துரத்துகின்றன. போர்சோயின் கருவி கண். அது காட்டோரத்தில் வாரில் கட்டுண்டு, வேட்டைக்காரரின் குதிரையருகே காத்திருக்கிறது. ஓநாய் திறந்த வெளிக்கு வந்து கண்ணில் பட்டதும் வாரிலிருந்து விடப்படுகிறது. அதன்பின் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மோப்ப நாய் நெடுந்தூரம் ஓடக்கூடியது. போர்சோயோ குறுகிய தூரத்தை மிக வேகமாக ஓடக்கூடியது.

கண்ணால் வேட்டையாடும் நாய்களுக்கு நீண்ட முகம் அமைந்திருப்பதில் ஒரு சுவையான செய்தி உண்டு. நாய்களின் மூக்கின் நீளத்துக்கும் விழித்திரையின் அமைப்புக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். நீண்ட மூக்குள்ள நாய்களின் விழித்திரையில், பார்வைச் செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்பணுக்கள் கிடைமட்டமான ஒரு பட்டை போலப் பரவியிருக்கின்றன. குட்டை மூக்குள்ள நாய்களில் அவை ஒரு வட்டத்துக்குள் திரண்டிருக்கின்றன. தொடுவானம் நெடுக எங்கோ ஓர் உருவம் அசைவதைக் கண்டுகொள்ள, பட்டை போன்ற அமைப்பு உதவும் என்பது எளிதில் விளங்கும்.

டால்ஸ்டாய்க்கு விழித்திரையைப் பற்றி இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது. ஆனால் மூக்கின் வேலையையும் கண்ணின் வேலையையும் அவர் ஓரிடத்திலும் குழப்பவில்லை. குரைப்பொலி முதலில் காட்டுக்குள்ளிருந்து வருகிறது. கேட்பவர்கள் அதன் திசையையும் தொனியையும் வைத்து உள்ளே நடப்பதை ஊகிக்கிறார்கள். ஓநாய் வெளியே வரும்போது சத்தமே இல்லை. அது தானாக, அமைதியாக, புல்வெளியில் வந்து நிற்கிறது. வேட்டையில் பழகியவர் மட்டுமே இப்படி எழுத முடியும். டால்ஸ்டாய் தம் இளமையில் தீவிரமான வேட்டைக்காரர். 1858-இல் கரடி வேட்டையில் ஒரு கரடி அவர் முகத்தைக் கிழித்தது என்பது வரலாறு.

வரப்பில் ஓடிய முயல்

ஓநாயைப் பிடித்த பிறகு, அன்று மாலையே ஒரு முயல் துரத்தல் நடைபெறுகிறது. என் கருத்தில் இந்த அத்தியாயங்களின் சிகரம் இதுவே. போட்டியில் மூன்று நாய்கள். இளைஞன் நிக்கலாய் ரஸ்தோவின் நாய் மில்க்கா. அண்டைப் பண்ணையார் இலாகின் என்பவரின் அழகிய பெட்டை நாய் எர்ஸா. எல்லோரும் ‘மாமா’ என்று அழைக்கும் எளிய பண்ணைக்காரரின் செந்நிற நாய் ருகாய்.

எர்ஸா முதலில் முயலை நெருங்கிப் பாய்கிறது. பிடித்துவிட்டோம் என்று நினைத்த கணத்தில் பந்து போல உருண்டு விழுகிறது. அடுத்து மில்க்கா நெருங்குகிறது. முயல் சட்டென்று பதுங்க, மில்க்கா அதைத் தாண்டிப் பறந்து போகிறது. மறுபடியும் எர்ஸா. மறுபடியும் முயல் தப்புகிறது. இம்முறை முயல் இரண்டு வயல்களுக்கு இடையே உள்ள வரப்பின் மீது ஏறி ஓடத் தொடங்குகிறது.

இங்கே சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகமாக ஓடும் ஒன்று திரும்ப வேண்டுமானால், தரையின் உராய்வே அதற்கு வேண்டிய மைய நோக்கு விசையைத் தர வேண்டும். உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே திரும்பும் வட்டத்தின் ஆரமும் ஓர் அளவுக்குக் கீழே குறைய முடியாது. அந்த ஆரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். முயலைப் பிடிக்க வேண்டுமானால் நாய் அதைவிட வேகமாக ஓடியாக வேண்டும். முயல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, நாய் 55 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயின் வேகம் பத்தில் ஒரு பங்குதான் அதிகம். ஆனால் அதன் திரும்பு வட்டம் 21 விழுக்காடு பெரியது. அதாவது எந்த வேகம் நாயை முயலிடம் கொண்டு சேர்க்கிறதோ, அதே வேகம்தான் கடைசிக் கணத்தில் அதை முயலைத் தாண்டித் தூக்கியெறிகிறது. எந்தக் கணத்தில் திரும்புவது என்று தீர்மானிப்பதும் முயல்தான். நாய் அதைக் கண்ட பிறகே திரும்ப முடியும். எர்ஸா உருண்டதற்கும் மில்க்கா தாண்டிப் போனதற்கும் காரணம் மூடத்தனம் அல்ல. அது இயக்க விதி.

இனி வரப்புக்கு வருவோம். முயல் ஏன் வரப்பில் ஏறியது? வரப்பு கெட்டியான தரை. ஒரு பக்கம் விதைப்பு முடிந்து ஈரத்தில் ஊறிய ரை வயல். மறுபக்கம் அரிதாள் நிற்கும் வயல். சேற்றில் ஓடும்போது உதைக்கும் விசையின் ஒரு பகுதி மண்ணைக் குழைப்பதிலேயே வீணாகிவிடும். வரப்பில் அந்த இழப்பு இல்லை. ஆகவே நாய்களுக்கும் முயலுக்கும் இடையே உள்ள தூரம் மெதுவாகவே குறைகிறது என்று டால்ஸ்டாய் எழுதுகிறார். நம் ஊரில் மழைக்காலத்தில் வயலோரம் நடந்து பழகியவர்கள் இதற்குச் சூத்திரம் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவதாக ருகாய் வருகிறது. அது முயலை நேராகக் கவ்வப் பார்க்கவில்லை. முதலில் முயலை வரப்பிலிருந்து சேற்று வயலுக்குள் தள்ளுகிறது. முயலுக்கு இருந்த ஒரே வசதி பறிபோயிற்று. பிறகு, தானும் முழங்கால் வரை சேற்றில் புதைந்தபடி, இன்னும் வேகம் கூட்டிச் சென்று முயலோடு சேர்ந்து உருளுகிறது. முதுகெல்லாம் சேறு. வெற்றி ருகாய்க்கு.

இந்தக் காட்சியில் இன்னொரு சிறு விவரம் என்னை வியக்கவைத்தது. ருகாய் உடலை நீட்டியும் முதுகை வளைத்தும் ஓடிற்று என்கிறார் ஆசிரியர். சாதாரண வருணனை போலத் தோன்றும். ஆனால் நாலுகால் பாய்ச்சலில் குதிரைக்கும் இத்தகைய நாய்க்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. குதிரையின் நான்கு கால்களும் ஒரு பாய்ச்சலில் ஒரு முறைதான் தரையை விட்டு எழும். அதுவும் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது. போர்சோய் போன்ற நாய்களுக்கு ஒரு பாய்ச்சலில் இரண்டு முறை நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும். உடல் முழுதும் நீண்டிருக்கும்போது ஒரு முறை. முதுகு வில்லாக வளைந்து கால்கள் உள்ளே மடங்கியிருக்கும்போது இன்னொரு முறை. வளைந்து நிமிரும் முதுகெலும்பே இங்கு வில். அதுவே வேகத்தின் இரகசியம். சிறுத்தை இனத்துச் சீட்டாவும் இவ்வாறே ஓடுகிறது.

மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையின் ஒவ்வொரு நிலையையும் 1878-இல் ஒளிப்படமாகப் பிடித்தார். நாய்கள் உள்ளிட்ட பல விலங்குகளின் இயக்கப் படங்களை 1887-இல் தொகுத்து வெளியிட்டார். அதுவரை ஓவியர்கள் குதிரையையும் நாயையும் ஒரே மாதிரி, முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களை பின்னேயும் நீட்டிப் பறப்பதாக வரைந்தார்கள். குதிரைக்கு அது பிழை; நாய்க்குப் பாதி உண்மை. ‘போரும் அமைதியும்’ 1869-இல் முடிந்துவிட்டது. ஒளிப்படக் கருவி காட்டுவதற்கு முன்பே, நீள்வதும் வளைவதும் ஆகிய இரண்டு நிலைகளையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டார் டால்ஸ்டாய். ஓவியர்கள் தவறவிட்ட பாதியை ஓர் எழுத்தாளர் பிடித்துவிட்டார்.

ஓநாயின் முன்னே

முயல் காட்சி வேகத்தைப் பற்றியது. ஓநாய் காட்சி துணிவைப் பற்றியது. ஓநாயிடம் வேகம் மட்டும் போதாது. பெரிய ரஷ்ய ஓநாய் 40 கிலோவைத் தாண்டும். அதாவது துரத்தும் நாயும் துரத்தப்படும் விலங்கும் ஏறக்குறைய ஒரே எடை. தாடை வலிமை ஓநாய்க்கே அதிகம்.

இதை டால்ஸ்டாய் எப்படிக் காட்டுகிறார் பாருங்கள். மில்க்காதான் முதலில் ஓநாயை எட்டுகிறது. ஓநாய் ஓடியபடியே ஓரக்கண்ணால் ஒரு முறை பார்க்கிறது. அவ்வளவுதான். முயலிடம் தயங்காத மில்க்கா வாலைத் தூக்கி, முன்னங்கால்களை ஊன்றி நின்றுவிடுகிறது. பின்னர் வேறொரு கூட்டத்தின் இளம் நாய் ஒன்று எதிரே பாய்ந்து ஓநாயைக் கிட்டத்தட்டக் கவிழ்க்கிறது. ஆனால் விலா கிழிந்து, இரத்தம் சொட்ட, அலறியபடி தரையில் தலையை மோதி விழுகிறது. கடைசியில் கழுத்தைக் கவ்வுவது கராய் என்னும் கிழட்டு நாய். அழகற்ற, தாடி முளைத்த, தொடையில் மயிர் சடையாகத் தொங்கும் நாய். பெரிய ஓநாயைத் தனியாகவே பிடித்த பெயர் அதற்கு உண்டு. தன்னால் ஓநாயின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால் அது பின்னாலேயே ஓடாமல், குறுக்கே வெட்டிப் போகிறது. அந்தக் கணக்கும் முதலில் தவறிப்போகிறது. இளம் நாயால் ஏற்பட்ட தாமதமே கராய்க்கு வாய்ப்பைத் தருகிறது.

இங்கு ஒரு விமரிசகர் கேட்கலாம்: நாய் கணக்குப் போட்டது, முயல் காத்திருந்தது, ஓநாய் யோசித்தது என்றெல்லாம் எழுதுவது விலங்குக்கு மனித மனத்தை ஏற்றுவதாகாதா? நியாயமான கேள்வி. முயலிடத்தில் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஓரளவு இடம் உண்டு. ஆனால் ஓநாயிடத்தில் அவர் எச்சரிக்கையாகவே இருக்கிறார். ஓநாய் முதன்முதலாக மனிதக் கண்களைச் சந்திக்கும் கணத்தில் அதன் தோற்றமே மாறுகிறது. திரும்பிப் போவதா, முன்னே போவதா என்று தனக்குள் கேட்டுக்கொள்வது போல் நிற்கிறது. ‘போல்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். கண்டதை ஒரு பக்கமும், ஊகித்ததை மறுபக்கமும் வைத்துப் பிரிக்கும் கோடு அது. விலங்கின் நடத்தையை ஆராய்பவர்கள் இன்றும் அந்தக் கோட்டை அழியாமல் காக்கவே பாடுபடுகிறார்கள்.

ஆனால் ஓநாயைக் கொன்றவர் யாரும் இல்லை. கராயின் பிடியும் நழுவிவிடுகிறது. இறுதியில் தனீலோ என்னும் வேட்டைத் தலைவன் குதிரையிலிருந்து ஓநாயின் மேலேயே விழுந்து, அதன் காதுகளைப் பற்றி அமுக்குகிறான். நிக்கலாய் கத்தியை ஓங்குகிறான். வேண்டாம் என்று தடுத்து, ஓநாயின் வாயில் ஒரு கட்டையைக் கொடுத்து, உயிரோடு கட்டுகிறான் தனீலோ. அவன் ஒரு பண்ணையடிமை. சற்று முன்புதான், ஓநாயைத் தப்பவிட்ட முதிய பிரபுவைப் பார்த்து, தன் எஜமானரையே, வசைச்சொல்லால் திட்டிச் சாட்டையையும் ஓங்கியிருந்தான். வேட்டை முடிந்ததும் பிரபு அதை நினைவூட்டுகிறார். தனீலோ ஒரு குழந்தையைப் போல நாணிச் சிரிக்கிறான்.

வேட்டையின் வேகத்தில் வேலைத்திறன் ஒன்றே பேசியது. வேட்டை முடிந்ததும் பழைய படிநிலை திரும்பி வந்துவிட்டது. இப்போது நாம் கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம்.

மூன்று குடும்பங்கள்

எர்ஸாவைப் பற்றிச் சொல்லும்போது டால்ஸ்டாய் ஒரு விவரம் தருகிறார். ஓராண்டுக்கு முன்பு இலாகின் இந்த நாய்க்காக ஓர் அண்டை வீட்டுப் பண்ணையாருக்கு மூன்று பண்ணையடிமைக் குடும்பங்களைக் கொடுத்திருந்தார்.

அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தின் வால் பகுதியில் இது வந்து போகிறது. அடுத்த வரியில் மறுபடியும் நாய்ப் பேச்சு. நான் முதல் முறை படித்தபோது இந்த இடத்தை நிற்காமல் கடந்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முயல் எப்போது எழும், எந்த நாய் வெல்லும் என்ற ஆவல்தான் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. நீங்களும் அப்படியே கடந்திருந்தால் வியப்பில்லை.

இரண்டாம் முறை படிக்கும்போது எண்ணிப் பாருங்கள். எர்ஸாவுக்குப் பெயர் உண்டு. நிறம் உண்டு. கண்ணைப் பற்றியும், மூக்கைப் பற்றியும், எஃகு போன்ற தசையைப் பற்றியும் செய்தி உண்டு. மூன்று குடும்பங்களுக்கோ எண்ணிக்கை மட்டும்தான் உண்டு. எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள், போகும்போது யார் அழுதார்கள் என்று ஒரு சொல் கிடையாது.

இது டால்ஸ்டாயின் கற்பனை என்று எண்ண வேண்டாம். 1861-இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் வரை, ரஷ்யப் பண்ணையார்கள் மனிதர்களை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. கிரிபோயேதவ் 1824-இல் எழுதி முடித்த புகழ்பெற்ற நாடகத்தில், தம் உயிரைக் காத்த விசுவாசமான வேலைக்காரர்களைக் கொடுத்து மூன்று போர்சோய்களை வாங்கிய ஒரு பிரபுவைக் கதாநாயகன் கொதித்துக் கண்டிக்கிறான். 1836-இல் மேடையேறிய கோகலின் ‘இன்ஸ்பெக்டர் ஜெனரல்’ நாடகத்தில் ஒரு நீதிபதி வருகிறார். தாம் வாங்கும் இலஞ்சம் போர்சோய்க் குட்டிகள் மட்டுமே, ஆகவே அது பாவமல்ல என்பது அவர் வாதம். அன்று போர்சோய் வெறும் நாய் அல்ல. அது ஒரு செலாவணி.

முன்னோர் உரக்கச் சொன்னதை டால்ஸ்டாய் ஏன் முணுமுணுத்தார்? அவருக்காக வாதாடுவோர் ஒன்று சொல்லலாம்: அவர் பந்தயத்தின் முடிவாலேயே பதில் சொல்லிவிட்டார். மூன்று குடும்பங்கள் விலை பெற்ற எர்ஸா தோற்றது. எளியவரின் ருகாய் வென்றது. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கிராமத்தையே கொடுக்கிறீர்கள் என்று முன்பே குத்திக்காட்டிய ‘மாமா’, ஆயிரம் ரூபிள் நாயையும் ஒரு ரூபிள் நாயையும் ருகாய் ஒன்றாகத் தோற்கடித்துவிட்டது என்று பூரிக்கிறார். விலை வேறு, மதிப்பு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. இயற்கையின் சோதனைக்கூடத்தில் விலைச்சீட்டு செல்லாது என்பது நல்ல அறிவியலும்கூட. ஆனால் இந்தப் பதில் போதாது என்பதே என் கருத்து. எர்ஸா தோற்றதால் அந்தக் குடும்பங்கள் வீடு திரும்பவில்லை. ஒருவேளை எர்ஸா வென்றிருந்தால்? அப்போது மூன்று குடும்பங்கள் நியாயமான விலையாகிவிடுமா? பந்தயம் நாயைத்தான் தீர்ப்பிடுகிறது, வியாபாரத்தை அல்ல. விலங்கின் ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் கண்ட ஒரு பெரும் கண், இந்த ஓரிடத்தில் காரணத்தைத் தேடாமல் நகர்ந்துவிட்டது. இதைக் குறை என்றே நான் குறிப்பேன்.

பிறகு நடந்தது

நாவலுக்கு வெளியே வரலாறு தன் தீர்ப்பை எழுதிற்று. 130 நாய்களுக்குச் சோறு போட்டதும், கொட்டில் துப்புரவு செய்ததும், குதிரைகளைப் பேணியதும் கூலியில்லா உழைப்பு. 1861-இல் அந்த உழைப்பு நின்றதும் பெரிய வேட்டைக் கொட்டில்கள் பல சுருங்கின, சிதறின. மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த நிக்கலாய் நிக்கலாயெவிச் போன்ற பெருஞ்செல்வர்களால் மட்டுமே பழைய அளவில் நடத்த முடிந்தது. அவர் 1887-இல் தூலா மாகாணத்தில் பெர்ஷினோ என்னுமிடத்தில் அமைத்த கொட்டில் புகழ்பெற்றது. டால்ஸ்டாயின் யாஸ்னயா பல்யானா பண்ணையும் அதே மாகாணம்தான். 1917-இல் புரட்சி வந்ததும் இக்கொட்டில்களும் அழிந்தன. அதற்குள் மேலை நாடுகளுக்குப் போயிருந்த நாய்களாலும், ரஷ்யாவில் எஞ்சியவற்றாலும் இனம் பிழைத்தது. அமெரிக்காவில் ‘ரஷ்ய ஓநாய் வேட்டை நாய்’ என்று வழங்கிய பெயரை 1936-இல் போர்சோய் என்று மாற்றினார்கள். பெயரிலிருந்து ஓநாய் போயிற்று.

பெரும்பாலான போர்சோய்களின் வாழ்க்கையிலிருந்தும் ஓநாய் போய்விட்டது. இன்று அவை அழகுப் போட்டி மேடைகளில் நடக்கின்றன. அங்கே நடுவர்கள் பார்ப்பது மயிரின் அலை, தலையின் நீளம், நடையின் ஒயில். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னதை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். எளிய மரபணுக்கள் தரும் பகட்டைக் கண் உடனே அளந்துவிடும். கராயின் துணிவையும் ருகாயின் சமயோசிதத்தையும் மேடையில் அளக்க முடியாது. சேற்றில் ஓடினால்தான் தெரியும். உடலில் மட்டும் பழைய தொழிலின் சுவடுகள் நிற்கின்றன. அவற்றுள் சில இன்று சுமையாகவும் ஆகின்றன. ஓட்டத்துக்கு உதவிய ஆழமான மார்பு, இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தான நோய்க்கும் இடம் கொடுக்கிறது. ஒரு நாய் இனம் என்பது அதை உருவாக்கிய மனிதர்களின் தேவை, உயிருள்ள உடலில் எழுதப்பட்ட ஏடு. தேவை மறைந்த பிறகும் எழுத்து மறைவதில்லை.

டால்ஸ்டாயும் மாறினார். 1880-களில் அவர் வேட்டையையும் புலாலையும் கைவிட்டார். அந்த மாற்றத்தின் வித்து இந்த அத்தியாயங்களிலேயே கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டிப்போட்ட ஓநாயைச் சூழ்ந்து எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். வாயில் கட்டையோடு அது கண்ணாடி போன்ற விழிகளால் அந்த மனிதர்களையும் நாய்களையும் வெறிக்கிறது. யாராவது தொட்டால் கட்டுண்ட கால்கள் துடிக்கின்றன. வெற்றிக் களிப்பின் நடுவே இந்தப் பார்வையை எழுதியவர், அதை மறந்திருக்க முடியாது.

முடிவாக

இந்த வேட்டை அத்தியாயங்களுக்கு நான் மதிப்பெண் வழங்க வேண்டுமானால், இயக்கத்தைக் கண்டதற்கு முழு மதிப்பெண் தருவேன். விலங்கின் நடத்தையைக் கண்டதற்கும் ஏறக்குறைய முழு மதிப்பெண் தருவேன். மனிதரைக் கண்டதில் பாதிதான் தருவேன். மீதிப் பாதியை வாசகராகிய நாம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே இரண்டு வேலைகளை உங்களிடம் விடுகிறேன். தெருவில் ஒரு நாய் முழு வேகத்தில் ஓடுவதைக் கண்டால், காலைப் பார்க்காதீர்கள்; முதுகைப் பாருங்கள். நீள்வதும் வளைவதும் தெரியும். டால்ஸ்டாயின் கண் எவ்வளவு கூர்மையானது என்பது அப்போது புரியும். அடுத்து, நூலகத்தில் அந்த நாவலை எடுத்து வேட்டைப் பகுதியைத் திருப்புங்கள். முயலோடும் நாய்களோடும் தாராளமாக ஓடுங்கள். ஆனால் எர்ஸாவின் விலை வரும் இடத்தில் சற்று நில்லுங்கள். வேகமாகப் போகும் எதற்கும் திரும்புவது கடினம் என்று பார்த்தோம் அல்லவா? அது வாசகருக்கும் பொருந்தும்.